துளைக்கும் குண்டும் மலரும் குண்டும்

கல்கத்தா நகருக்கு வடக்கே டம்டம் என்றோர் ஊர் உண்டு. வங்கநாட்டுக்குச் சென்று வந்த நம்மவர் பலர் அவ்வூரின் பெயரை அறியாமலே அங்குள்ள விமான நிலையத்தில் இறங்கியிருப்பர். சுபாஷ் சந்திர போஸின் திருப்பெயர் தாங்கிய நிலையம் அது. ஆனால் ஐரோப்பிய மொழிகள் பலவற்றின் அகராதியைப் புரட்டினால் டம்டம் என்பது ஊர்ப் பெயராக மட்டும் காணப்படாது. ஒரு துவக்குக் குண்டின் பெயராகவும் நிற்கும். வேறு எந்தக் கீழைத்தேய ஊருக்கும் இத்தகைய கீர்த்தி வாய்த்ததாகத் தெரியவில்லை. அதைக் கீர்த்தி என்பதா, அபகீர்த்தி என்பதா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

குடும்பத்தவர் கூடியிருந்து படிக்கும் இப்பக்கத்திற்குத் துவக்குக் குண்டைப் பற்றிய பேச்சு ஏன் என்று தாய்மார் முகஞ்சுளிக்கக்கூடும். காரணம் உண்டு. வெள்ளவத்தை சவோய் படமாளிகையில் ஆங்கிலப் படம் பார்த்துவிட்டு வரும் மாணவர்கள் மறுநாள் வகுப்பிலே கேட்கும் கேள்விகளில் பாதி துவக்கைப் பற்றியவை. “சேர், பொலிசார் பழகும்போது போடுகிற ரவையும் கடமைக்குப் போகும்போது போடுகிற ரவையும் ஒன்றுதானா?” என்று கேட்டான் ஒருவன். சிறுபிள்ளைத்தனமான கேள்விபோல் தோன்றும் இதற்குள் பௌதிகம், வைத்தியம், சட்டம், போர் அறம் ஆகிய நான்கும் அடங்கிக் கிடக்கின்றன. இரு பேரரசுகள் ஒரு காலத்தில் இதனைக் குறித்து ஏனைய உலகத்தோடு வழக்காடியும் இருக்கின்றன.

முதலிற் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். நாம் பொதுவாகக் குண்டு என்றும், யாழ்ப்பாணத்தார் சன்னம் என்றும் சொல்வது துவக்கின் வாயிலிருந்து பறந்து செல்லும் ஈயத் துண்டு ஒன்றையே. அந்தத் துண்டும், அதைத் தள்ளும் மருந்தும், மருந்துக்குத் தீயிடும் சிறு மூடியும், இவை யாவற்றையும் தாங்கும் பித்தளைக் கூடும் சேர்ந்ததே தோட்டா. நம் பக்கத்தில் ரவை என்பர். சுடும்போது கூடு பின்தங்கிவிடும். குண்டு மாத்திரமே செல்லும். படங்களில் சில வேளை தோட்டா முழுவதுமே காற்றிற் பறந்து செல்வதாகக் காட்டுகிறார்கள். பித்தளைக்குப் பறக்கத் தெரியாது.

டம்டம் ஊருக்கும் தோட்டாவுக்கும் உள்ள தொடர்பு ஒருமுறையல்ல, இருமுறை சரித்திரத்தில் இடம்பெற்றது. முதலாவது தொடர்பு 1857 ஜனவரியில் ஏற்பட்டது. அக்காலத்துத் தோட்டா காகிதத்தால் ஆனது. என்பீல்ட் துவக்குக்கு வந்த புதிய தோட்டாவில் கொழுப்புப் பூசப்பட்டிருந்தது. அதனைப் பல்லாற் கடித்துக் கிழித்து மருந்தைக் குழாயிற் கொட்டவேண்டும். டம்டத்திலே படைத்தொழிலாளி ஒருவன் உயர்குலச் சிப்பாய் ஒருவனிடம் அவனது செம்பிலிருந்து தண்ணீர் கேட்டான். சாதியைக் காட்டி மறுத்தபோது, பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பூசிய தோட்டாவை நீ கடிக்கப்போகிறாய், அப்போது உன் சாதி எங்கே போகும் என்று இகழ்ந்தான். வதந்தி காட்டுத்தீயாயிற்று. மார்ச்சு 29ஆந் திகதி பரக்பூரில் மங்கள் பாண்டே துவக்கைத் திருப்பினான்; மே 10ஆந் திகதி மீரட்டில் பெருங்கிளர்ச்சி வெடித்தது. தமிழகத்தவருக்கு இக்கதை புதிதன்று. 1806இல் வேலூர்ச் சிப்பாய்களைக் கிளரச் செய்ததும் தலையிலே தரிக்கச் சொன்ன ஒரு புதுத் தலைப்பாகைதான். ஆட்சியாளர் சிறிதென எண்ணும் பொருள் ஆளப்படுவோருக்குச் சிறிதாய் இருப்பதில்லை.

இரண்டாவது தொடர்பே நம் மாணவனின் கேள்விக்கு விடை தருவது. அதற்கு முன்னோடியாக ஒரு சிறு விளக்கம் தேவை.

பழைய துவக்குகளின் குண்டு பருத்தது, மெதுவானது, முற்றிலும் மெல்லிய ஈயத்தால் ஆனது. பிரித்தானியப் படையின் மாட்டினி-ஹென்றித் துவக்கின் குண்டு 480 கிறெயின் எடை, ஏறக்குறைய ஓர் அவுன்சுக்கும் அதிகம். உடலிற் பட்டதும் அந்த ஈயம் தட்டையாகிப் பெரும் புண்ணை உண்டாக்கும். 1884இல் பிரான்சு தேசத்து இரசாயன அறிஞர் போல் வியே புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அதன் வேகத்தை வெறும் ஈயம் தாங்காது. குழாயின் உட்புறத்திலே உரிந்து ஒட்டிவிடும். அதற்கு முன்னரே, 1882இல், சுவிற்சர்லாந்தின் ரூபின் என்ற படையதிகாரி ஈயத்துக்குச் செம்பினாற் சட்டை போடும் முறையைக் கண்டிருந்தார். இரண்டும் கூடின. பிரித்தானியர் .303 அங்குல விட்டமுள்ள, சட்டையிட்ட, விரைவான குண்டுக்கு மாறினர்.

1895இல் இந்தியாவின் வடமேற்கு எல்லையிலே சித்திரால் போர். அங்கே சிப்பாய்கள் ஒரு விசித்திரமான முறைப்பாடு செய்தனர்: குண்டு எதிரியின் உடலை ஊசிபோல் துளைத்து மறுபுறம் போய்விடுகிறது, அவனோ நிற்காமல் ஓடி வருகிறான். டம்டம் தோட்டாத் தொழிற்சாலையின் மேலதிகாரியாயிருந்த கப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் இதற்கொரு பரிகாரம் கண்டார். குண்டின் நுனியிலே சட்டையைச் சிறிது திறந்து ஈயத்தை வெளியே தெரியவிட்டார். அவ்வளவே. உடலிற் பட்டதும் மெல்லிய நுனி விரிந்து காளான்போற் பரந்தது. 1897-98இல் திராப் போரில் அது கையாளப்பட்டது. இங்கிலாந்திலே வூல்விச் தொழிற்சாலையினர் நுனியிற் குழிவு வைத்த வேறொரு வகையைச் செய்தனர். 1898இல் சூடானில் ஓம்டர்மான் களத்தில் அது பயன்பட்டது. கைத்துவக்குக்கும் அதே நோய் தொற்றியது. வெப்லி ரிவோல்வருக்கென்று 1898இல் வந்த குழிவுக் குண்டுக்கு ‘மனிதனை நிறுத்துவது’ என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரும் இருந்தது.

ஐரோப்பாவில் எதிர்ப்பு எழுந்தது. ஜெர்மனியில் தூபிங்கன் சர்வகலாசாலைப் பேராசிரியர் புரூன்ஸ் நுனி திறந்த குண்டுகளை வைத்துப் பரிசோதித்துக் கோரமான விளைவுகளை வெளியிட்டார். அவர் பரிசோதித்தது டம்டம் குண்டையன்று, ஈயம் மிகுதியாக வெளித்தெரிந்த வேட்டைக் குண்டை என்று ஆங்கிலேயர் மறுத்தனர். அம்மறுப்பில் நியாயம் இருந்தது. ஆயினும் 1899இல் ஹேக் நகரிற் கூடிய சமாதான மகாநாடு யூலை 29ஆந் திகதி, உடலில் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளைப் போரிற் கையாளலாகாது என்று பிரகடனஞ் செய்தது. பிரித்தானியாவும் அமெரிக்காவும் எதிர்த்தன. பிரித்தானியப் பிரதிநிதி சேர் ஜோன் ஆர்டா எடுத்துரைத்த வாதத்தை இன்று படிக்கும் கீழைத்தேயத்தவன் எவனுக்கும் உடல் கூசும்: நாகரிகமுள்ள போர்வீரன் காயப்பட்டால் ஒதுங்கிவிடுவான், நாகரிகமற்றவனோ காயப்பட்டும் பாய்ந்து வருவான், ஆதலால் அவனுக்கு வேறு குண்டு வேண்டும் என்பதே அதன் சாரம். பிரகடனத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. அது கைச்சாத்திட்ட அரசுகள் தமக்குள் நிகழ்த்தும் போருக்கு மாத்திரமே செல்லும். எல்லைப்புறத்து மலைவாசி எந்தப் பத்திரத்திலும் கைச்சாத்திட்டவனல்லன். பின்னர் 1907இல் பிரித்தானியா பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. வெப்லியின் குழிவுக் குண்டோ அதற்கு முன்னரே, 1900இல், படையிலிருந்து நீக்கப்பட்டிருந்தது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நம் மாணவனுக்கு விடை எளிது. ஆனால் போர்க்களத்தில் விலக்கப்பட்ட அதே மலரும் குண்டு இன்று உலகின் பெருநகரங்களிற் பொலிசாரின் இடுப்பில் இருக்கிறது! நியூயோர்க் நகரப் பொலிசார் 1998இல் அதற்கு மாறத் தீர்மானித்தனர். இலண்டன் பொலிசார் 2011இல் அதனை வழங்கலாயினர். பகைவனுக்குச் செய்யலாகாததைத் தன் குடிமகனுக்குச் செய்யலாமா என்று கேட்பது இயல்பே. நானும் இதை முதன்முதலிற் படித்தபோது முரண்பாடு என்றே எண்ணினேன். காரணங்களைப் பார்த்தால் முரண்பாடு அவ்வளவு பெரிதாகத் தோன்றாது.

போர்க்களத்தில் ஒரு வீரனின் பின்னால் நிற்பவனும் வீரனே. நகரத்தில் ஒரு கள்வனின் பின்னால் நிற்பவர் யார்? கொட்டாஞ்சேனைச் சந்தியிலோ காலி வீதியிலோ மாலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். பள்ளிவிட்டு வரும் பிள்ளை, மரக்கறிப் பையுடன் ஒரு தாய், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முதியவர். சட்டையிட்ட குண்டு எதிரியின் உடலைத் துளைத்து வெளியேறினால் அதன் அடுத்த இடம் அவர்களுள் ஒருவர். குழிவுக் குண்டோ உடலிற் பட்டதும் நுனியிலுள்ள குழிக்குள் ஈரமான தசை புகுந்து நெருக்க, இதழ் விரிந்து, வேகம் இழந்து, பெரும்பாலும் அவ்வுடலிலேயே தங்கிவிடும். நியூயோர்க்கில் வழிப்போக்கரும் சகபொலிசாருமே துளைத்துச் சென்ற குண்டுகளாற் காயமுற்றமை மாற்றத்துக்கு ஒரு காரணமாயிற்று. குறைந்த வெடிகளில் ஒருவனை நிறுத்த முடியும் என்பது மற்றொரு காரணம். எனினும் பட்டவனுக்கு அதனால் ஏற்படும் காயம் பெரிது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

இனி, ‘ஒரே வெடியில் ஆள் தூக்கி எறியப்படுதல்’ பற்றி. படத்தில் நாயகன் சுட்டதும் வில்லன் பத்தடி பின்னே பறந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுகிறான். நியூற்றனின் மூன்றாம் விதியைக் கற்ற மாணவர் நகைக்க வேண்டிய இடம் இது. தாக்கத்துக்குச் சமமான எதிர்த்தாக்கம் உண்டு. குண்டு பட்டவனைத் தூக்கி எறியுமாயின் சுட்டவனையும் அது அவ்வாறே எறிந்திருக்கும். 9 மில்லிமீற்றர்க் கைத்துவக்கின் குண்டு ஏறக்குறைய 8 கிராம் எடையுள்ளது; விநாடிக்கு 350 மீற்றர் வேகத்திற் செல்வது. அதன் உந்தம் மெதுவாக எறியப்பட்ட ஒரு கிரிக்கெற் பந்தினுடையதைவிட அதிகமன்று. கைத்துவக்குக் குண்டு ஆளை வீழ்த்துவது தள்ளுவதால் அன்று. உயிர் நிலையைத் துளைப்பதால். ஆகவே எங்கே படுகிறது என்பது முதன்மை, எவ்வளவு ஆழம் செல்கிறது என்பது இரண்டாவது, எவ்வளவு அகலம் என்பது மூன்றாவது.

இந்த முறையை உலகம் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. பிலிப்பைன் தீவுகளில் மோரோ வீரர்கள் .38 ரிவோல்வரின் குண்டுபட்டும் நிற்காமல் வந்தனர் என்று கண்ட அமெரிக்கர், 1904இல் தொம்சன், லாகார்ட் என்ற இரு படையதிகாரிகளை ஆராய்ச்சிக்கு ஏவினர். அவர்கள் சிக்காகோ நகரத்து இறைச்சிக் கொட்டிலில் மாடுகளைச் சுட்டும், இறந்த மனித உடல்களைச் சுட்டும் பார்த்து, .45 அங்குலத்துக்குக் குறைந்த குண்டு பயனற்றது என்று முடிவு கூறினர். வாயில்லாச் சீவன்களை வதைத்துப் பெற்ற அம்முடிவு விஞ்ஞான முறைக்கு ஒவ்வாதது என்பது பிற்கால ஆராய்ச்சியாளரின் தீர்ப்பு. ஆயினும் 1911இல் அமெரிக்கப் படை ஏற்ற .45 கைத்துவக்கு எழுபதாண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்தது.

நம் நாட்டிலும் .45 என்ற எண்ணுக்கு ஒரு கறைபடிந்த நினைவு உண்டு. 1959 செப்டெம்பர் 25ஆந் திகதி காலை, றோஸ்மீட் பிளேஸ் இல்லத்தில் பிரதமர் பண்டாரநாயக்கா சுடப்பட்டது வெப்லி வகையைச் சேர்ந்த அத்தகைய ரிவோல்வராலேயே. பழைய பாணியில் அமைந்த, கனத்த, மெதுவான குண்டு. வைத்திய நிபுணர்கள் பல மணி நேரம் போராடியும் மறுநாள் அவர் உயிர் நீத்தார்.

பின்னர் 1986 ஏப்ரில் 11ஆந் திகதி மயாமி நகரில் அமெரிக்க மத்திய புலனாய்வுப் பகுதியினர் இரு கொள்ளையரோடு பொருதியபோது, 9 மில்லிமீற்றர்க் குழிவுக் குண்டொன்று கொள்ளையன் ஒருவனின் கையினூடாக மார்பிற் புகுந்து, இதயத்தை அடையுமுன் நின்றுவிட்டது. அதன்பின்னும் அவன் சுட்டான். புலனாய்வாளர் இருவர் மாண்டனர். குண்டு அளவுக்கு மிஞ்சி மலர்ந்தாலும் ஆபத்து என்பதை அந்நாள் காட்டியது. எனவே அப்பகுதியினர் ஓர் அளவுகோலை வகுத்தனர். தசைக்கு ஒப்பான ஜெலற்றின் பாளத்திலே குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18 அங்குலத்துக்கு மேற்படாமலும் செல்லவேண்டும். தடித்த துணியைப் போர்த்தியும் சுட்டுப் பார்ப்பர். ஏனெனில் துணி நுனிக்குழியை அடைத்துவிட்டால் குண்டு மலராது, சட்டையிட்ட குண்டுபோல் துளைத்தே சென்றுவிடும். இக்காலத்துக் குண்டுகள் அவ்வளவுக்குத் திருந்திவிட்டமையால், பெரிய விட்டங்களை நாடிச் சென்ற அப்பகுதியினர் 2014ஆம் ஆண்டளவில் மீண்டும் 9 மில்லிமீற்றரே போதும் என்ற முடிவுக்கு வந்தனர். மாடு சுட்ட ஆராய்ச்சிக்கு நூற்றுப்பத்தாண்டுகள் கழித்து வந்த மறுமொழி இது.

பழகுவதற்கோ, சட்டையிட்ட குண்டே எங்கும் வழக்கம். விலை மலிவு, உருண்டை நுனியாதலால் தானியங்கித் துவக்கில் தடையின்றி ஏறும், காகித இலக்கையும் மண்மேட்டையும் துளைப்பதற்கு மலர வேண்டிய தேவையில்லை. ஆயினும் பயிற்சியாளர் இரண்டு விதிகளை வற்புறுத்துவர். பழகும் குண்டு கடமைக் குண்டின் எடையை ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் கையிற் படும் உதைப்பும் குறியும் மாறும். கடமைக் குண்டிலும் ஒரு பகுதியையேனும் சுட்டுப் பார்த்துத் தன் துவக்கில் அது தடைப்படுவதில்லை என்று அறிந்துகொள்ள வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு .22 அங்குலச் சிறு தோட்டாவே உகந்தது. ஓசையும் உதைப்பும் குறைவு, கண்ணை மூடிக்கொண்டு சுடும் கெட்ட பழக்கம் வராது. மூடிய கூடத்திற் பழகுவோர் ஈயத்தூளைச் சுவாசிக்க நேரும். கையையும் முகத்தையும் கழுவாமல் உணவைத் தொடலாகாது. பழகிய உடையோடு வீட்டுக் குழந்தையைத் தூக்கலாகாது.

பழக்கம் என்பதைக் கலையாகவே கொண்டவர் வேறொரு கூட்டத்தார். அவர்களுக்கு எதிரி கிடையாது. பத்து மீற்றரில் ஒரு புள்ளி மாத்திரமே உண்டு. காற்றமுக்கத் துவக்கிற் செல்லும் 4.5 மில்லிமீற்றர் ஈயமணி அரைக் கிராம் அளவே எடையுள்ளது. 1994இல் கனடாவின் விக்டோரியா நகரில் நிகழ்ந்த பொதுநலவாய விளையாட்டில் புஷ்பமாலி ராமநாயக்க, மாலினி விக்கிரமசிங்க என்னும் நம் நாட்டு மங்கையர் இருவர் இத்தகைய மணிகளாலேயே தங்கப்பதக்கம் ஈட்டினர். இந்தியாவின் விஜய் குமார் 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கிற் பெற்ற வெள்ளிக்கு .22 தோட்டா போதுமாயிருந்தது. கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கிண்ணப் போட்டிகளிலே தங்கம் வென்றவர். வள்ளுவர் இறைவனுக்குச் சூட்டிய சொல்லைத் தந்தை பெயராகக் கொண்ட தமிழ்ப்பெண் துவக்கேந்தி நிற்பது கண்டு வியப்போரும் உளர், நான் மகிழ்பவன்.

தற்காப்புக்கு வருவோம். இந்தியாவிலே பொதுமக்கள் 9 மில்லிமீற்றர், .303, .455 முதலிய படைத் தோட்டாக்களை வைத்திருத்தல் பொதுவாக விலக்கு. படைக்கலக் களஞ்சியத்துத் தோட்டா திருட்டுப்போய் வெளித் துவக்குக்கு உதவலாகாது என்ற பிரித்தானியர் காலத்து அச்சமே அதன் வேர். ஆகவே குடிமக்களுக்கு .32 போன்ற சிறு விட்டங்களே கிடைக்கும். டில்லி மாணவிக்கு நேர்ந்த கொடுமையின் பின் 2014இல் கான்பூர் அரசாங்கத் தொழிற்சாலை பெண்களுக்கென ‘நிர்பீக்’ என்ற அரைக் கிலோ எடையுள்ள .32 ரிவோல்வரை வெளியிட்டது. விலை ஓர் இலட்சத்து இருபத்தீராயிரம் ரூபாவுக்கு மேல். எந்தத் தொழிலாளிப் பெண் அதனை வாங்குவாள் என்று அப்போதே கேட்டனர்.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துவக்குச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றி எவரும் துவக்கு வைத்திருத்தலைத் தடுக்கிறது. கைத்துவக்குக்கான அனுமதி பாதுகாப்பு அமைச்சின் கையில் உள்ளது. 2024 நவம்பரில் அவ்வமைச்சு, தற்காப்புக்கென முன்னர் வழங்கியவற்றை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி பணித்தது. உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையை 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 89ஆம் பிரிவு முதலாக அளிக்கிறது. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அவ்வுரிமை செல்லாது. கள்வன் திரும்பி ஓடத் தொடங்கியபின் அவன் முதுகிற் சுட்டவர், எவ்வகைக் குண்டால் சுட்டேன் என்று வாதாடிப் பயனில்லை.

அனுமதி பெற்றவருக்கும் கொழும்பிலே ஒரு தனிச் சங்கடம் உண்டு. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மாடிமேல் மாடியாக எழுந்துள்ள தொடர்மனைகளில் அறைகளைப் பிரிக்கும் தடுப்புக்கள் பல மெல்லியவை. பலகைக் கதவுகளோ இன்னும் மெல்லியவை. சட்டையிட்ட குண்டு அவற்றைச் சிரமமின்றிக் கடக்கும். மலரும் குண்டும் பலகையையோ சாந்தையோ துளைக்கும்போது குழி அடைபட்டு மலராமலே அடுத்த வீட்டுப் படுக்கையறை வரை செல்லக்கூடும். நகரத்துக்கு உகந்தது என்று மேலே சொன்ன குண்டு, உடலிற் பட்டால் மாத்திரமே உகந்தது. பதற்றத்தில் இருட்டிலே சுடுபவரின் குண்டுகளிற் பல உடலிற் படுவதில்லை. துவக்குள்ள வீட்டில் முதலில் ஆராய வேண்டியது குண்டின் வகையன்று. எந்தச் சுவருக்கு அப்பால் யார் உறங்குகிறார்கள் என்பதே. தோட்டா வேறு, துவக்கு வேறாகப் பூட்டிவைக்கும் வழக்கமும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இன்றியமையாதது.

பழைய வீடுகளைத் துப்புரவாக்கும்போது, பாட்டனார் காலத்துத் தகரப் பெட்டியிலோ நிலத்தைக் கொத்தும்போதோ, பச்சை படிந்த பித்தளைத் தோட்டாக்கள் தட்டுப்படுவதுண்டு. அவை எத்தனை ஆண்டு பழமையாயினும் வெடிக்கக்கூடியவை. மினுக்கி அலங்காரப் பொருளாக்க எண்ணி உரசுதல், துளையிடுதல், குப்பையோடு சேர்த்துக் கொளுத்துதல் யாவும் ஆபத்து. அனுமதியின்றி வீட்டில் வைத்திருத்தல் குற்றமுமாகும். கண்ட இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை அப்பாற்படுத்தி, 119 என்ற இலக்கத்தில் பொலிசாருக்கு அறிவித்தால் அவர்கள் வந்து அகற்றுவர்.